நாச்சிமுத்துவைக் கரைத்த குட்டை

நாச்சிமுத்து மூன்றாவது முறையாக வீடு திரும்பினார்.

வாசலில் வந்து இறங்கிய பறக்கும் தூதி எந்திரம், ஒரு வெள்ளைப் பொட்டலத்தைக் கதவோரம் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டது. அதற்குத் தொண்டை கிடையாது. செருமினால்தான் மரியாதை என்று நீர் மீட்பு வாரியத்தில் எந்தப் புத்திசாலிக்கோ தோன்றியிருக்கிறது.

"வணக்கம். மஞ்சனாற்று நீரில் தாங்கள் தவறவிட்ட பொருள் மீட்கப்பட்டுள்ளது. பொருள், சாம்பல். உரியவர், நாச்சிமுத்து. நீரைத் தூய்மையாக வைத்திருக்க ஒத்துழைத்தமைக்கு நன்றி."

"தவற விட்டனா? வேணும்னேதான்டா விட்டேன், எடுபட்ட பயலே!" என்று அவர் மனைவி தங்கமணி விளக்குமாற்றை வீசினாள். தூதி லாவகமாக விலகிப் பறந்தது. முந்தைய இரண்டு முறை அடி வாங்கியதில் அதற்கும் பழகிவிட்டது.

ஆதிபாளையத்தில் எந்தச் சாக்கடை வாய்க்குப் போனாலும், எந்த ஆற்றுத் துறைக்குப் போனாலும் அங்கே ஒரு பிரிகலன் உட்கார்ந்திருக்கும். பார்க்க ஒரு பெரிய அண்டா மாதிரி, உள்ளே அடுக்கடுக்காகச் சல்லடைத் தோல்கள். தண்ணீரில் என்ன கரைந்திருந்தாலும், மிதந்தாலும், அடியில் படிந்தாலும், அதை வகைவகையாகப் பிரித்து, யாருடையது என்று கண்டுபிடித்து, பொட்டலம் கட்டி வீட்டுக்கே அனுப்பிவிடும். வந்த புதிதில் ஊரே குதித்தது. கொட்டிப்போன டீயின் சர்க்கரை திரும்பி வந்தது. துவைத்த சோப்பு திரும்பி வந்தது. ஒரு கல்யாண வீட்டில் நலங்கு வைத்த மஞ்சள் அப்படியே காய்ந்த தூளாக வந்து சேர்ந்தபோது, மாப்பிள்ளையின் தாயார் அதை எடுத்து மறுநாள் குழம்புக்கே போட்டுவிட்டாள். மஞ்சனாற்றில் இப்போது ஆள் உயர ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லும் தெரியும். மீன்தான் இல்லை. ஒன்றுமே கரைந்திராத தண்ணீரில் மீன் பிழைக்காது. மனிதனுக்கும் அது வாயில் வைக்க விளங்காது, குடத்துக்கு ஒரு சுவைவில்லை போட்டுத்தான் குடிக்க வேண்டும். அதைப்பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆறு பளபளவென்று இருந்தது, படம் பிடிக்க நன்றாக இருந்தது, போதாதா?

சாவு விழும் வரைக்கும் போதும். விழுந்த பிறகுதான் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்தது. ஆற்றில் கரைத்த அஸ்தி எதுவும் ஆற்றோடு போகவில்லை. மனித எலும்பில் தனிமங்கள் சேர்ந்திருக்கும் விகிதம் ஆளுக்கு ஆள் வேறு, அந்தச் சுவட்டை ஊரில் ஒவ்வொருவர் பல்லிலிருந்தும் வாரியம் பதிந்து வைத்திருக்கிறது. ஆகவே கரைத்துவிட்டுத் தலை முழுகி வீட்டுக்கு வந்தால், செத்தவர் நமக்கு முன்னால் வந்து வாசலில் காத்திருப்பார். அஸ்தி வீட்டில் இருக்கிறவரை கருமாதி செய்ய முடியாது, தீட்டும் போகாது. ஊரில் பாதி வீட்டு அலமாரியில் ஒரு வெள்ளைப் பொட்டலம் இருந்தது. யாரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

தங்கமணிக்குத் தீட்டு பெரிதல்ல. அவள் கொடுத்த வாக்குதான் அவளைத் தின்றது. நாச்சிமுத்து, சென்னியப்பன் என்பவரின் சாயச்சாலையில் சாயம் கலக்கியவர். இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தொட்டிகளின் ஆவியை மூச்சாக இழுத்ததில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் தங்கமணி நர்ஸ். கட்டிய புருஷனுக்கே வாரம் மூன்று தடவை ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்து, வடிகட்டி, உள்ளே விட்டாள். கடைசி மாதத்தில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"போதும் தங்கம். செத்ததுக்கப்புறம் என்னை ஆத்துல கரைச்சு உட்டுரு. இனி ஒரு மிசினும் என்னை வடிகட்டக் கூடாது."

"சரிங்க மாமா" என்று அவள் அவர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அந்த மனிதரைத்தான் மூன்று தடவை வடிகட்டிப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். நன்றி வேறு சொல்கிறார்கள்!

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராக வாரிய அலுவலகத்துக்குப் போனாள். இளம்பரிதி என்கிற அதிகாரி அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். நல்ல பையன்தான். நல்லவர்களிடம் கோபப்படுவது கஷ்டம், அதனால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"அம்மா, உப்பைத் தண்ணியில போட்டா என்ன ஆகுது? தண்ணியோட மூலக்கூறுங்க நாலாபக்கமும் சூழ்ந்து உப்பைத் துகள் துகளாப் பிச்சு எடுத்துக்கிட்டுப் போயிடும். அதான் கரையறது. எலும்புச் சாம்பலை அப்படிப் பிய்க்கத் தண்ணிக்குத் தெம்பு கிடையாதும்மா. அது கரையவே கரையாது. காலங்காலமா கரைச்சோம் கரைச்சோம்னு சொல்றோம், உண்மையில அடியில போய்ப் படிஞ்சதுதான். அமிலமா இருந்தா கரையும். கரைஞ்சாலும் நாங்க எடுத்துடுவோம்னு வைங்க."

"எல்லாத்தையும் எடுத்துருவீங்களாக்கும்?"

"ஒரு சொட்டு விடமாட்டோம்."

"அப்படீன்னா சென்னியப்பன் குட்டைய ஏனுங்க எடுக்கல?"

இளம்பரிதி மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தான். சாயச்சாலையின் கழிவெல்லாம் ஊருக்கு வெளியே ஒரு பெரிய குட்டையில் போய் நிற்கிறது. அதற்கு மட்டும் வாரியம் விலக்கு கொடுத்திருந்தது. அதை எடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லி நாச்சிமுத்து உயிரோடு இருந்தபோதே அவரும் தங்கமணியும் சேர்ந்து மனு கொடுத்திருந்தார்கள்.

"அந்த அமிலத்துல எங்க சல்லடைத் தோல் அரிச்சுப் போயிடுதும்மா. வேற தோல் கண்டுபிடிக்கிற வரைக்கும்..."

"ஒரு கைப்புடி சாம்பல் தண்ணியக் கெடுத்துப்போடும். ஒரு குட்டை வெசம் கெடுக்காது. அப்படித்தானுங்களே? நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!"

கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதும் கொதிப்பு அடங்கவில்லை. அந்தப் பையன் சொன்னதையெல்லாம் மனசுக்குள் மறுபடி ஓட்டித் திட்டிக்கொண்டே இருந்தவள், ஒரு வாக்கியத்தில் வந்து நின்றாள். அமிலமாக இருந்தால் கரையும். அமிலமாக இருந்தால் பிரிகலன் வராது. வீட்டுக்குப் போகிற பேருந்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போகிற பேருந்தில் ஏறினாள்.

குட்டை மத்தியான வெயிலில் நீலமாகக் கிடந்தது. பார்த்தால் அழகு என்றுதான் தோன்றும், கிட்டே போனால் நெடி மூக்கில் ஏறிக் கண்ணைப் பிடுங்கும். கொசுகூட உட்காராத தண்ணீர். கரையில் மண் வெந்து சிவந்திருந்தது. தங்கமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தாள்.

"உங்களக் கொன்ன தண்ணியிலயே கொண்டாந்து உடறேன் மாமா. கோவிச்சுக்காதீங்க. ஊர்ல வேற தண்ணி இல்லீங்க."

சாம்பல் விழுந்த இடத்தில் பொசுபொசுவென்று சின்னக் குமிழ்கள் கிளம்பின. கொஞ்ச நேரம் வெள்ளையாகக் கலங்கி, பிறகு கலக்கம் தெளிந்து, ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அடியிலும் எதுவும் படியவில்லை. ஆற்றில் மூன்று தடவை செய்த சடங்கு இந்த நாற்றம் பிடித்த குட்டையில்தான் உண்மையிலேயே நடந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியையும் சென்னியப்பனின் கழிவிடம்தான் வாங்க வேண்டியிருந்தது. அவன் குலத்தையே கூப்பிட்டுத் திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள்.

ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று, தூதி வரவில்லை. கருமாதி வைத்தாள். வந்த சொந்தக்காரர்கள் சோற்றில் கை வைக்கும் முன்பே கேட்டுவிட்டார்கள், எங்கே கரைத்தாய் என்று. பொய் சொல்ல அவளுக்கு வராது.

அப்புறம் ஊரே கிளம்பியது. அலமாரிகள் திறந்தன. வருடக்கணக்காகக் காத்திருந்த மாமனார்களும் சித்திகளும் பெரியப்பாக்களும் குட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். கூட்டம் சேர்கிற இடத்தில் சென்னியப்பன் சும்மா இருப்பாரா? ஒரே மாதத்தில் படித்துறை கட்டி, வளைவு வைத்து, 'சென்னியப்பன் முக்தித் துறை' என்று எழுதிவிட்டார். புரோகிதர்கள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மந்திரம் சொன்னார்கள். பூக்கடையில் தேங்காய், பழம், ரப்பர் கையுறை எல்லாம் ஒரே தட்டில் கிடைத்தது. தண்ணீர் விரலைச் சுட்டால், செத்தவருக்கு நம் மேல் அவ்வளவு பிரியம் என்று ஒரு விளக்கமும் கிளம்பியது. வேடிக்கை பார்க்கப் போன தங்கமணி வளைவில் அந்தப் பெயரைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டாள். கொன்றவன் படி கட்டுகிறான், செத்தவர்கள் வரிசையில் வருகிறார்கள்!

இளம்பரிதி ஒரு நாள் வீட்டுக்கே வந்தான். முகமெல்லாம் மலர்ச்சி.

"அமிலம் அரிக்காத தோல் வந்துடுச்சும்மா. கண்ணாடித் தோல். உங்க மனுவை ஏத்துக்கிட்டாங்க. குட்டையைச் சொட்டு விடாம சுத்தம் பண்ணிடலாம். விலக்கும் ரத்து."

தங்கமணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அதுல கரைச்சதெல்லாம்?"

அவன் மலர்ச்சி வாடியது. "எல்லாம் வீட்டுக்கு வந்துடும். ஊர்க்காரங்க எதிர்க்கிறாங்க. மனு கொடுத்தவங்க வாபஸ் வாங்கினா வாரியம் வராது. நாளைக்குச் சாயங்காலம் படித்துறையில விசாரணை. நீங்க வந்து சொல்லணும்."

அவன் போனதும் தெருவே உள்ளே வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் காலில் விழாத குறை. "நீதான அம்மிணி மொதல்ல எடம் காட்டுன? இப்ப நீயே எல்லாத்தையும் திருப்பி வாசல்ல கொண்டாந்து போடுவியா? எம் மவன் அதுலதான இருக்கறான்?" வாபஸ் வாங்கிவிடுவதாகத் தங்கமணி தலையாட்டினாள். ஊருக்காக அல்ல. இன்னொரு மிஷின் அவரை வடிகட்டக் கூடாது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை டியூட்டியில் ஜன்னலோரப் படுக்கையில் மயிலாத்தாள் படுத்திருந்தாள். கூனவலசுக்காரி, தங்கமணியைவிடப் பத்து வயது இளையவள். கூனவலசு குட்டையை ஒட்டின ஊர், வாரியத்தின் எல்லைக்கு வெளியே. அங்கே கிணற்றுத் தண்ணீர்தான். அந்த ஊரிலிருந்து மட்டும் இந்தப் பிரிவுக்குப் பதினோரு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

ஊசியைக் குத்தி மிஷினை ஓட விட்டதும் மயிலாத்தாள் கேட்டாள். "அக்கா, ஒண்ணு கேட்டா வையமாட்டீங்களே?"

"கேளு."

"எங்க கெணத்துத் தண்ணி முன்னைக்கு இப்பக் கொஞ்சம் சப்புன்னு இருக்குதுக்கா. சுண்ணாம்புத் தண்ணியாட்ட. குட்டையில சாம்பல் கரைக்கறாங்கள்ல, அது ஊறி வருதாமா. நெசமாலுமா? உங்க வூட்டுக்காரரும் அதுலதானுங்களே இருக்கறாரு?"

உப்பு கரைந்தால் காணாமல் போவதில்லை என்று தங்கமணிக்குத் தெரியாதா என்ன? தினமும் அந்தக் கணக்கிலேயே பிழைக்கிறவள். கரைந்தது எங்கும் போவதில்லை, தண்ணீர் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் சமமாகப் பரவுகிறது. குட்டையின் ஒவ்வொரு சொட்டிலும் அவர் இருக்கிறார். அந்தச் சொட்டு கிணற்றுக்கு வந்து, கிணற்றிலிருந்து குடத்துக்கு வந்து, குடத்திலிருந்து இவள் உடம்புக்கு வந்திருக்கிறது.

அவள் கண் மிஷினுக்குப் போயிற்று. மயிலாத்தாளின் ரத்தம் பிளாஸ்டிக் குழாயில் சிவப்பாக ஓடி, வடிகட்டிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் தன் கையாலேயே அவரை வடிகட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வாக்கைக் காப்பாற்றியதாக நினைத்துக் கருமாதிச் சோறு வேறு போட்டாள்.

"என்னக்கா, முகம் இப்படி ஆயிப்போச்சு? தப்பாக் கேட்டுட்டனா?"

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணல சாமி" என்றாள் தங்கமணி.

சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் நேராகப் படித்துறைக்குப் போனாள். பந்தல் போட்டிருந்தார்கள். சென்னியப்பன் நெற்றி நிறைய விபூதியோடு மைக் முன்னால் கைகூப்பி நின்றார். "எங்க தொழிலுக்காகப் பேச வரலீங்க. இங்க நிம்மதியாத் தூங்கற நம்ம பெரியவங்களுக்காகப் பேச வந்திருக்கறேன். அவங்களை எழுப்பலாமுங்களா?" கூட்டம் கூடாது கூடாது என்று கத்தியது. இளம்பரிதி ஓரத்தில் வியர்த்து நின்றான். தங்கமணியைக் கண்டதும் ஜனம் வழி விட்டது. சென்னியப்பனே மைக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"சொல்லுங்க அம்மிணி."

"மனுவ நான் வாபஸ் வாங்கல" என்றாள்.

"நீதான மொதல்ல எடம் காட்டுன?" என்று பந்தலில் யாரோ கத்தினார்கள்.

"ஆமாங்க, நாந்தான் மொதல்ல இங்க கொண்டாந்து கரைச்சேன். எம் புருசன் போயிட்டார்னு நெனைச்சேன். போகல. கூனவலசுக் கெணத்துல இருக்கறாரு. அந்த ஊர்ப் புள்ளைக அவரக் குடிச்சுப்போட்டு, இந்தச் சென்னியப்பன் வெசத்தையும் சேத்துக் குடிச்சுப்போட்டு, ஆசுபத்திரியில எங்கிட்ட வந்து படுக்குதுக. உங்க மாமன் மச்சான் எல்லாரும் அங்கதான் இருக்கறாங்க. நம்ம ஊட்டுச் சாவுக்கு இன்னொரு ஊட்டுல சாவு உழுகணுமா? எடுங்க. சொட்டு உடாம எடுங்க. எம் புருசன் திரும்பி வந்தா வரட்டும், நான் வெச்சுக்கறேன்!"

ரப்பர் கையுறை ஒன்று பறந்து வந்து அவள் தோளில் பட்டது. அடுத்தது ஒரு தேங்காய் மூடி. புருஷனை நிம்மதியாக விடத் தெரியாத பொம்பளை என்று யாரோ கத்தினார்கள். "வாடா, மேல வந்து சொல்றா!" என்று அவள் பதிலுக்குக் கத்தினாள். இளம்பரிதிதான் அவளை இழுத்துக்கொண்டு போனான்.

கண்ணாடித் தோல் பிரிகலனை இறக்கினார்கள். குட்டை நாளுக்கு நாள் வெளுத்தது. கடைசியில் அடிமண்ணுக்கு மேல் தண்ணீர் நிற்பதே தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் தூதிகள் கூட்டம் கூட்டமாக ஆதிபாளையத்தின் மேல் வந்தன.

தங்கமணி டியூட்டிச் சீருடையோடு கதவைத் திறந்து காத்திருந்தாள். விளக்குமாறு அதன் இடத்தில் இருந்தது. தூதி பொட்டலத்தை வைத்துச் செருமியது.

"வணக்கம். பொருள், சாம்பல். உரியவர், நாச்சிமுத்து. இது பகுதி ஒப்படைப்பு. நன்றி."

"இரு. பகுதின்னா என்ன அர்த்தம்? மீதி எங்க?"

"மீதி, சாயத்தில் சேரும் குரோமியம், ஒரு சிட்டிகை. எலும்பிலிருந்து பிரிக்கப்பட்டது. சுவடு சென்னியப்பன் சாயச்சாலையுடையது. விலக்கு ரத்தானதால் ஆலையின் சுவடும் பதிவேட்டில் ஏறியுள்ளது. அந்தப் பகுதி நேற்றே உரியவரான ஆலையிடம் ஒப்படைக்கப்பட்டது."

அவள் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். எதிர் வீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. "என்னது, பகுதியா?" அடுத்த வீட்டிலும் அதே கேள்வி. தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. அவள் மேல் கையுறை வீசியவன் கையில் அவன் அப்பாவின் பொட்டலம் இருந்தது. அவரும் சாயச்சாலையில் வேலை பார்த்தவர்தான். ஆலைப் பக்கமே போகாத பக்கத்து வீட்டு அம்மாளின் மகனும் பகுதியாகத்தான் வந்திருந்தான். தெருவுக்குப் பிரிகலன் வருவதற்கு முன்னால் அவர்கள் எல்லோரும் குடித்ததும் கிணற்றுத் தண்ணீர்தான் என்பது அப்போதுதான் ஒவ்வொருவருக்காக நினைவுக்கு வந்தது. எத்தனை டாக்டர்கள், எத்தனை விசாரணைகள்! ஆலைக்கும் இந்த வியாதிக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இப்போது வாரியத்தின் மிஷின், யாரும் கேட்காமலே, செத்தவனின் எலும்புக்குள் இருந்தது ஆலையின் சொத்து என்று சொல்லி வீடு வீடாக நன்றியும் தெரிவித்துவிட்டுப் போகிறது.

தங்கமணி செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. தெரு அவள் பின்னால் வந்தது.

ஆலை வாசலில் காவலாளி கதவைச் சாத்தப் பார்த்தான்.

"ஐயா இல்லீங்க அம்மிணி."

"ஐயா வேண்டாம். நேத்து இங்க வந்த குரோமியத்தக் குடு. அதுல எம் புருசன் ஒரு சிட்டிகை இருக்கறாரு. எனக்கு அது வேணும்."

காவலாளி அவளையும் அவள் பின்னால் பொட்டலங்களோடு நிற்கும் கூட்டத்தையும் பார்த்தான்.

"அது... வந்த உடனே தொட்டியில போட்டுட்டாங்களே. நல்ல சரக்குன்னு சொன்னாங்க. சாயம் கலக்கியாச்சுங்க."

"கலக்கியாச்சா?"

"கரைஞ்சு போச்சுங்க அம்மிணி. துணி நனைச்சு லாரியே போயிருச்சு."

"அவரு உசுரோட இருந்தப்பயும் இந்தத் தொட்டியிலதான்டா கரைச்சீங்க!" என்று தங்கமணி கத்தினாள். கத்தி முடித்தும் அவள் கை கம்பிக் கதவை விடவில்லை. உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பின்னால் இருந்தவன், அந்தக் கையுறைக்காரன், தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். நல்ல நீலம், துவைத்தாலும் போகாத நீலம் என்று ஊரெல்லாம் வாங்கும் இந்த ஆலையின் துணி. அவன் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றத் தொடங்கினான். பக்கத்தில் நின்றவர்களும் தங்கள் உடம்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

தங்கமணி கதவைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். முழங்கை வரை மூடிய அவளுடைய நர்ஸ் சீருடையும் சென்னியப்பன் சாயச்சாலை நீலம்தான்.